ஃபாஸ்டர் கேர்ல வந்த பொண்ணை பழைய அரசுப் பள்ளியிலயே விடணுமா, பாண்டி சிபிஎஸ்இ ஸ்கூலுக்கு மாத்தலாமா?

கேட்டவங்க கடலூர்னு போட்டிருக்கீங்க. பொண்ணு ஏழாவது, ஃபாஸ்டர் கேர்ல (பெத்தவங்க பார்த்துக்க முடியாத பிள்ளையை அரசு இன்னொரு வீட்ல வளர்க்க விடுறது) உங்ககிட்ட வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, அவ படிக்கிற ஸ்கூல் தூரம், பாண்டி ஸ்கூல் வேன் உங்க தெருவுக்கே வருது, "எல்லாமே புதுசா ஆரம்பிக்கட்டுமே"ன்னு நினைக்கிறீங்க. என் பதில், மாத்தாதீங்க. இந்த வருஷம் கண்டிப்பா வேணாம், முடிஞ்சா பன்னெண்டாவது வரைக்குமே வேணாம்.

நாங்க மஞ்சக்குப்பம். எங்க வீட்லயும் ஃபாஸ்டர் கேர்ல ஒரு பொண்ணு இருக்கா, எட்டாவது படிக்கிறப்ப வந்தா, இப்ப பிளஸ் ஒன். பேரு, ஸ்கூல் எதுவும் சொல்ல மாட்டேன், ஜேஜே சட்டம் (சிறார் நீதிச் சட்டம்) 74வது பிரிவுல இந்தப் பிள்ளைங்க அடையாளத்தை வெளியிடக் கூடாதுன்னு இருக்கு, நீங்களும் தயவுசெஞ்சு கேள்வியில ஸ்கூல் பேரை எடுத்துடுங்க. பண்ருட்டி ரோட்டுல ஒரு அரசுப் பள்ளின்னு மட்டும் வெச்சுக்கங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே நல்ல ஸ்கூல் இருக்கு, எங்க நாத்தனார் முதற்கொண்டு எல்லாரும் "பக்கத்துல இருக்கறத விட்டுட்டு எதுக்கு அந்தப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்புறீங்க, சொந்தப் புள்ளைன்னா அனுப்புவீங்களா"ன்னு கேட்டாங்க. சொந்தப் புள்ளைன்னாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்.

ஏன்னு சொல்றேன். எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி அவ பாட்டி வீடு, சித்தி வீடு, அப்புறம் குழந்தைகள் ஹோம்னு மாறி மாறி இருந்தவ, ஒவ்வொரு தடவையும் ஸ்கூலும் மாறிடுச்சு. ஏழாவது வரைக்கும் பருவத்துக்கு ஒரு புத்தகம் இல்லையா, ஒரு ஸ்கூல்ல பின்னம் நடத்தி முடிச்ச அப்புறம் போயி சேர்ந்திருக்கா, அதுக்கு முந்தின ஸ்கூல்ல ஆரம்பிக்கவே இல்ல, நடுவுல அந்தப் பாடம் அப்படியே விட்டுப் போச்சு. வந்த புதுசுல அவ கணக்கு நோட்டைப் பார்த்தேன். அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா அஞ்சுல ரெண்டுன்னு எழுதியிருந்தா, மேல மேலயும் கீழ கீழயும் கூட்டி. பக்கம் முழுக்க அதே மாதிரி, அழகான கையெழுத்துல. புள்ளை மக்கு இல்ல, அவளுக்கு யாரும் அதைச் சொல்லித் தரல, அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடிச்சு சரி பண்ணது நாங்க இல்ல, அந்த ஸ்கூல் கணக்கு மிஸ். ஆறாவதுல இருந்து அவளைப் பார்க்குறாங்க, எந்தப் பாடத்துல ஓட்டைன்னு அவங்களுக்குத் தெரியும், சாயங்காலம் உக்கார வெச்சு காகிதத்தை மடிச்சு மடிச்சு காட்டி சொல்லித் தந்தாங்க. புது ஸ்கூல்ல போட்டிருந்தா அங்க ஒரு டீச்சர் இவளைப் புரிஞ்சிக்கவே அரை வருஷம் ஆகியிருக்கும், அதுக்குள்ள 'சுமார்'னு முத்திரை குத்தியிருப்பாங்க. வீடு மாறுச்சு, படுக்கிற இடம், சாப்பாடு, கூப்பிடுற ஆளு எல்லாம் மாறுச்சு, மாறாம இருந்தது அந்த கிளாஸும் பக்கத்துல உக்கார்ற அவ ஃப்ரெண்டும்தான். அதையும் நாமளே புடுங்கி எறியணுமா?

இதுல நீங்க யோசிக்காத இன்னொரு விஷயம் இருக்குன்னு தோணுது. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சாதான் மெடிக்கல், இன்ஜினியரிங்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் (இதுக்கு மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சாலும் சரி). பாண்டி பிரைவேட் ஸ்கூல்ல போட்ட அன்னைக்கே இது ரெண்டும் போச்சு. 18 வயசு ஆனப்புறம் இந்தப் பிள்ளைங்களுக்குப் பின்னாடி யாரு நிப்பான்னு நிச்சயமில்ல, அப்ப அந்த 1000 ரூபாய் சின்ன காசு இல்ல. சிலபஸும் வேற. பாண்டி அரசுப் பள்ளிகளே இப்ப சிபிஎஸ்இக்கு மாறிடுச்சு, எல்லை தாண்டுனா புத்தகமே வேற.

பஸ் கஷ்டம்தான், இல்லேன்னு சொல்லல. கரும்பு சீசன்ல அந்த ரோடே நகராது, வீட்டுக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்ல ஸ்டாப்பிங் வரைக்கும் கொண்டு போய் விடுவாரு, யூனிஃபார்ம்ல நிக்கிற பிள்ளைங்களைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுற டிரைவரும் இருக்காங்க. ஆனா சமாளிச்சிடலாம். அமெரிக்காவுல 2015ல வந்த கல்விச் சட்டத்துல, ஃபாஸ்டர் கேர் பிள்ளை வீடு மாறினாலும் அதுக்கு நல்லதுன்னா பழைய ஸ்கூல்லயே தொடரணும், போக்குவரத்துக்கு அங்க இருக்குற நிர்வாகமே ஏற்பாடு பண்ணணும்னு இருக்கு. நம்ம ஊர்ல அப்படி இல்ல, நாமதான் பார்த்துக்கணும்.

உடனே யாராவது வந்து "மாசம் 4000 ரூபாய் வாங்குறீங்கல்ல, கொண்டு போய் விடுறதுக்கு என்ன"ன்னு கமெண்ட் போடுவீங்க. அது மிஷன் வாத்சல்யாங்கிற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்துல புள்ளைக்காக வர்ற பணம், ஒரு பதினாறு வயசுப் பொண்ணுக்கு துணி, நாப்கின், சாப்பாடு, நோட்டுக்கு மேல அதுல என்ன மிஞ்சும்னு வளர்த்துப் பார்த்தவங்க சொல்லட்டும்.

எப்பவுமே மாத்தக் கூடாதுன்னு நான் சொல்லல. அந்த ஸ்கூல் வாசல்ல புள்ளைக்கு ஆபத்தான ஆளு வந்து நிக்கிறான்னா, கேலி பண்ணி உயிரை வாங்குறாங்கன்னா, உடனே மாத்துங்க. எட்டாவதுக்குள்ள அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறுறப்ப டிசி லேட்டாகுதுன்னு சேர்க்க மறுக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் 5வது பிரிவு, டிசியை உடனே கொடுக்க வேண்டியது ஹெச்எம் கடமை. சட்டம் இப்படி இருக்க, என் தம்பி பையனுக்கு ஒரு பிரைவேட் ஸ்கூல்ல வேன் ஃபீஸ் பாக்கின்னு டிசியும் தரல, எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) இருந்து பேரையும் ரிலீஸ் பண்ணல, ஜூன் மாசம் பூரா புள்ளை வீட்ல உக்காந்திருந்தான். அந்த ஆபீஸ் ரூம்ல என் தம்பியை நிக்க வெச்சே பேசினாங்க, உக்காரக்கூட சொல்லல. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லதான், ஆனா எழுதாம இருக்க முடியல.

சரி, உங்க விஷயம். புள்ளை உங்க வீட்ல இருக்கறது குழந்தைகள் நலக் குழு போட்ட ஆர்டர்ல, ஸ்கூலை நீங்களா முடிவு பண்ணாதீங்க. டிசிபியூ (மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு) ஆளுங்க போடுற கேர் பிளான்ல படிப்புக்குன்னு எழுதுற இடத்துல 'இதே பள்ளியில் தொடரணும்'னு எழுதி வாங்கிடுங்க, நாளைக்கு அவ வேற வீட்டுக்குப் போற நிலைமை வந்தாலும் அந்த பேப்பர் பேசும். நலக் குழுவோட அடுத்த சிட்டிங்குக்கு அவளையும் கூட்டிட்டுப் போய் அவ வாயாலயே சொல்ல விடுங்க. அவளே மாறணும்னு சொன்னா ஏப்ரல் பரீட்சை முடியிற வரைக்கும் பொறுத்து மாத்துங்க, அப்பவும் கடலூர்லயே ஒரு அரசுப் பள்ளியாப் பாருங்க.