மருத்துவமனையின் தரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு மருத்துவமனைக்கு இணையத்தில் 4.8 நட்சத்திரம், வரவேற்பறையும் பளிச்சென்று இருக்கிறது. அங்கேயே சேர்க்கலாமா?

பதில்: அந்த நட்சத்திரங்களுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தீர்களா? வண்டி நிறுத்த இடம், சிரித்த முகம், சுத்தமான கழிப்பறை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். நோயாளியின் கண்ணுக்கு எட்டுவது அவ்வளவுதான். மருத்துவத் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டொனாபீடியன் 1966-லேயே அதைக் கட்டமைப்பு (கட்டடம், கருவிகள், ஆட்கள்), செய்முறை (சிகிச்சை தரும் விதம்), விளைவு (நோயாளி தேறினாரா) என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். முதலாவதைப் பார்த்துவிட்டு மூன்றாவதும் கிடைத்துவிடும் என்று நம்புகிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

சர்ஜனிடமே கேளுங்கள்: இதே ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? எத்தனை பேருக்குப் புண்ணில் சீழ் வைத்தது? எத்தனை பேருக்குக் குடலிறக்கம் திரும்பி வந்தது? ராத்திரி ரத்தம் கசிந்தால் வந்து பார்ப்பது யார்? உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உண்டு. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டு வெளியேறும் முன் என மூன்று முறை சரிபார்க்க வேண்டும். அதைப் பின்பற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

வார்டில் சற்று நேரம் நின்று கவனியுங்கள். ஒருவரைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகுமுன் கையைச் சுத்தம் செய்கிறார்களா? ஆல்கஹால் திரவத்தை 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். கையுறை அதற்கு ஈடாகாது.

கேள்வி: சளிக்குப் போனேன். ஆன்டிபயாடிக்கும் இல்லை, ஊசியும் இல்லை. ஃபீஸ் தண்டம்தானே?

பதில்: இல்லை. சாதாரண சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. நல்ல டாக்டர், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தோம். பில்லில் ‘இதர செலவுகள்’ என்று பெரிய தொகை. கேட்டால் எல்லாருக்கும் இப்படித்தான் என்கிறார்கள்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ‘இதர’ என்பது கணக்கே அல்ல. வகைவாரியான பில்லையும் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவு) நகலையும் எழுத்தில் கேட்டு, கடிதத்தின் நகலில் பெற்றதாகக் கையெழுத்து வாங்குங்கள். பில்லில் உள்ள ஒவ்வொரு ஊசிக்கும் மருந்து அட்டவணையில் நேரமும் நர்ஸின் கையெழுத்தும் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பிய மருந்துகள் கழிக்கப்பட்டனவா பாருங்கள். அங்கேயும் ஏமாறலாம். செயற்கை மூட்டின் பெட்டியில் தயாரிப்பாளர், அளவு, லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) கொண்ட ஒட்டுச்சீட்டு வரும். அதன் நகலையும் வாங்குங்கள். நாளை ஒரு லாட்டில் கோளாறு என்று தயாரிப்பாளர் அதைத் திரும்பப் பெற்றால், அம்மாவுக்குப் பொருத்தியது அதுவா என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும்.

கேள்வி: ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: உடம்பை அறுக்கச் சம்மதிக்கும் தாளைக்கூடவா படிக்கவில்லை? ஆபரேஷன் இன்னும் நடக்கவில்லை என்றால் இன்றே கேட்டுப் படியுங்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும்.

கேள்வி: 2 மணி நேரம் காத்திருந்தேன், டாக்டர் 5 நிமிடம்தான் பார்த்தார். இது மோசமான சிகிச்சையா?

பதில்: காக்க வைத்தது நிர்வாகக் கோளாறு; புகார் கொடுங்கள். சிகிச்சை விஷயம் வேறு. இப்போது சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை பற்றிக் கேட்டாரா? எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று சொன்னாரா? இவை நடந்திருந்தால் 5 நிமிடம் போதுமானதாக இருக்கலாம். அடுத்த முறை எழுந்திருக்குமுன், எந்த மாத்திரை, எப்போது, எத்தனை நாள் என்பதை உங்கள் வார்த்தையில் அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். தப்பிருந்தால் அங்கேயே திருத்துவார்.