தட்டான் வரைபவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: தட்டான் சிறகின் வலைப்பின்னலை வோரோனாய் (தூவிய புள்ளிகளைச் சுற்றி இடத்தை அறைகளாகப் பிரிக்கும் முறை) கொண்டு உருவாக்கினேன். உடைந்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: எல்லா இடத்திலும் ஒரே சீராகப் புள்ளிகளைத் தூவியிருப்பீர்கள். சிறகு அப்படி இல்லை. முன்விளிம்பில் தடித்த நரம்புகள் நெருங்கி ஓடும். அவற்றுக்கு நடுவே ஏணிப்படி போல நாற்கர அறைகள். பின்விளிம்புக்குப் போகப் போக ஐந்து, ஆறு பக்க அறைகளாகிச் சிறுத்துக்கொண்டே வரும். அதனால் நீள நரம்புகளை முதலில் பேனா கருவியால் நீங்களே போடுங்கள். அப்புறம் இடைவெளிகளில் மட்டும் வோரோனாயை நிரப்பி, பின்பக்கம் புள்ளிகளை நெருக்குங்கள்.

முன்விளிம்பின் நடுவில் ஒரு சின்ன முடிச்சும், நுனிக்கு அருகே ஒரு கருத்த பொட்டும் இருக்கும். பொட்டு வெறும் அழகுக்கு அல்ல. மிதந்து செல்லும்போது சிறகு அதிராமல் காக்கும் எடை அது. லோகோ என்றால் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மற்ற நரம்புகளில் முக்கால்வாசியை நான் அழித்துவிடுவேன்.

கேள்வி: ஒரு சிறகை வரைந்து நான்காக நகலெடுக்கலாமா?

பதில்: இடம் வலமாகப் புரட்டலாம். முன் சிறகையே பின் சிறகாக்கக் கூடாது; பின் சிறகு உடலோடு சேரும் அடிப்பகுதியில் அகலமானது. நான்கும் ஒன்றுபோல் அடியில் குறுகியிருந்தால் அது ஊசித்தட்டான்.

கேள்வி: அனிமேஷனில் சிறகடிப்பு பொம்மை போல வருகிறது.

பதில்: நான்கையும் ஒன்றாக அசைக்கிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் தனித் தசை உண்டு. அந்தரத்தில் நிற்கும்போது முன் இணை மேலே போனால் பின் இணை ஏறக்குறைய கீழே இருக்கும். வேகமாகக் கிளம்பும்போது இரண்டும் சேர்ந்து அடிக்கும். நொடிக்கு சுமார் 30 அடிப்பு என்பதால் நொடிக்கு 24 பிரேம் ஓடும் அனிமேஷனில் அது சிக்காது. மங்கலாக விடுங்கள், ஸ்லோமோஷனில் மட்டும் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: உலோக மினுக்கத்துக்கு எந்த கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் நிரப்பு)?

பதில்: கிரேடியன்ட் மட்டும் போதாது. அந்தப் பச்சை மினுக்கம் மேல்தோலின் மெல்லிய அடுக்குகளில் ஒளி படுவதால் வருவது. பார்க்கும் கோணத்தோடு மாற வேண்டும். சில ஆண் தட்டான்களின் சாம்பல் நீலமோ மெழுகுப் பூச்சு. அதற்குப் பளபளப்பே கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, பாடம் செய்த பூச்சியிலிருந்து நிறம் எடுக்க வேண்டாம். செத்ததும் கண்ணின் நிறம் மங்கிவிடும். அது தெரியாமல் ஒரு போஸ்டர் முழுக்கப் பழுப்புக் கண்ணோடு வரைந்து முடித்தவன் நான்.

கேள்வி: வாலில் எத்தனை வளையம்?

பதில்: பத்து. வால் என்கிறோமே தவிர, அது வயிறு. கால்களை அதில் ஒட்டிவிடாதீர்கள். ஆறும் நெஞ்சுப் பகுதியில்தான்.