ப்ளூ-ரேயில் பொடிப்புள்ளிகள்: வட்டு பழுதா?

கேள்வி: 'கோல்ட்ஃபிங்கர்' (1964), 'தி இப்கிரஸ் ஃபைல்' (1965) இரண்டையும் ப்ளூ-ரேயில் வாங்கினேன். முதல் படம் பளிச்சென்று இருக்கிறது. அடுத்ததில் முகம், சுவர் எங்கும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் அசைகின்றன. இரண்டும் ஒரே காலத்து உளவுப் படங்கள்தானே? வட்டைத் திருப்பி அனுப்பிவிடலாமா?
- வாசகர், சென்னிமலை

பதில்: அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் பார்ப்பது ஃபிலிமின் இழை, அதாவது படம் பதிவாகும் பொடித் துகள்கள் (கிரெய்ன்). சென்னிமலைப் போர்வையைக் கையில் எடுத்தால் நூல் தெரிகிறதே, அதைப் போன்றதுதான் இதுவும்.

வித்தியாசம் படமெடுத்த முறையில் இருக்கிறது. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு சட்டகம் (ஃப்ரேம்), ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் துளைகளில் 4 துளை உயரம் இருக்கும். 'இப்கிரஸ் ஃபைல்' டெக்னிஸ்கோப் முறையில் எடுக்கப்பட்டது. அதில் 2 துளை உயரம்தான். ஃபிலிம் செலவு பாதியாகும். ஆனால் அந்தச் சின்னச் சட்டகத்தை உங்கள் டிவி அளவுக்கு விரிக்கும்போது, துகளும் கூடவே பெரிதாகிறது. 'கோல்ட்ஃபிங்கர்' உள்ளிட்ட ஜேம்ஸ் பாண்ட் படங்களின் கதை வேறு. லௌரி டிஜிட்டல் நிறுவனம் மூல நெகட்டிவை 4கே அளவில் ஸ்கேன் செய்து, கீறலும் தூசும் நீக்கியது. 2006 டிவிடிகள் அந்த வேலையிலிருந்து வந்தவைதான். இருந்தாலும் 'பால்' (PAL) என்ற டிவி முறையில் வரும் டிவிடியில் படத்துக்கு 576 வரிகள்தான் கிடைக்கும், ப்ளூ-ரேயில் 1080.

ஒரு வட்டு நல்லதா என்று பார்க்க நான் துணியைத்தான் பார்ப்பேன். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஷான் கானரி அணியும் சாம்பல் நிறக் கட்டம்போட்ட சூட் வரும் இடத்தில் நிறுத்துங்கள். கட்டத்தின் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல வட்டு. சாம்பல் பூசியதுபோல் கலங்கித் தெரிந்தால் வட்டில் விவரம் இல்லை. 'இப்கிரஸ் ஃபைல்' என்றால் மைக்கேல் கெயினின் கறுப்பு மூக்குக்கண்ணாடி. அதன் விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடினால், செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கன்னம் மெழுகுபோல் வழவழத்தால், புள்ளியைத் துடைக்கப் போய்த் தோலையும் துடைத்துவிட்டார்கள். எனக்கு அந்த மெழுகு முகத்தைவிடப் புள்ளி நூறு மடங்கு மேல்.

நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-ல் எடுத்த 'வல்லவன் ஒருவன்' உளவுப் படத்தை, இழை தெரிகிற அப்படியொரு வட்டில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஏக்கம்.

வட்டைக் குறை சொல்லும் முன் டிவியைச் சரிசெய்யுங்கள். சினிமா முறைக்கு மாற்றி, ஷார்ப்னெஸைக் குறைத்து, இரைச்சல் நீக்கும் வசதியையும் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். புள்ளிகள் மறையாது; ஆனால் எறும்பு ஊர்வதுபோல் உறுத்துவது பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்த வட்டு வெளிநாட்டிலிருந்து என்றால், எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டல எழுத்தைப் பாருங்கள். ப்ளூ-ரேயில் இந்தியா சி, பிரிட்டன் பி, அமெரிக்கா ஏ. 4கே வட்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.