ஜப்பானில் காய்கறி சோபா நூடுல்ஸிலும் மீன் வாசனை: நண்பர்களோடு ஒரே மேசையில் உண்ண வழி

ஜப்பானில் காய்கறி சோபா கேட்டும் மீன் வாசனை வந்ததாகவும், நண்பர்களை விட்டுத் தனியாகப் பழம் தின்று படுத்ததாகவும் எழுதி, எல்லோரும் ஒன்றாக உண்ண வழி கேட்டிருந்தீர்கள். ஜப்பானின் கோயாசான் மலையில் பௌத்தக் கோயில் விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்குங்கள். சைவ உணவு உண்ணும் உங்களுக்கும் அசைவம் உண்ணும் மூன்று நண்பர்களுக்கும் அங்கே ஒரே உணவுதான், ஷோஜின் ரியோரி எனப்படும் துறவியர் சமையல். அந்தத் தனிமை இரவுகள் மீண்டும் வேண்டாம்.

நீங்கள் கேட்ட காய்கறி சோபாவில் மீன் துண்டு இல்லாவிட்டாலும், அதன் சாறு பெரும்பாலும் தாஷியில் செய்யப்பட்டிருக்கும். உலர்த்திய கட்ஸுவோ மீனைச் சீவிப் போட்டு எடுக்கும் அந்தச் சாறு மிசோ (புளித்த சோயா விழுது) சூப்பிலும் இருப்பது வழக்கம். பரிமாறுபவர் உங்களை ஏமாற்றவில்லை. 'இறைச்சி இல்லை' என்பதே பலருக்குச் சைவமாகப் படுகிறது.

ஆகவே, கடையில் 'சைவமா?' என்று கேட்காமல், 'கட்ஸுவோ தாஷி ஹைத்தே இமாஸ் கா?' (கட்ஸுவோ சாறு சேர்ந்திருக்கிறதா?) என்று கேட்டுப் பாருங்கள்.

கோயில் சமையலில் சாறு கொம்பு என்னும் கடற்பாசியிலும் ஷீதாகே காளானிலும் எடுக்கப்படுகிறது. எள்ளும் குஸு கிழங்கு மாவும் சேர்த்துக் கிண்டிய கோமா தோஃபு, குச்சியால் தொட்டாலே நடுங்கும். நாவில் வைத்தால் எள்மணம் மட்டும் நிற்கும். உண்டபின் நால்வருமாக கோயாசானின் பழைய கல்லறைத் தோட்டமான ஒகுனோயினின் பெருமரங்களிடையே செல்லும் 2 கிலோமீட்டர்ப் பாதையில் நடந்து பாருங்கள், அந்த அமைதியை நண்பர்களோடு பகிர்வது தனி இன்பம்.

விடுதியை முன்பதிவு செய்யும்போதே உங்கள் உணவுக் கட்டுப்பாட்டை எழுதிவிடுங்கள்; இரவு உணவு மாலையிலேயே பரிமாறப்படுவதால் தாமதமாக மலையேறாதீர்கள். சைவம் என்பதற்காக அல்லாமல் மீன் ஒவ்வாமைக்காகக் கேட்டிருந்தால், சோபாக் கடைகளில் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.