ஒன்பது நாளும் ஓடவேண்டாம்

கேள்வி: எனக்கு 63 வயது, மனைவிக்கு 58. நவம்பர் கடைசியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். கேம்பர் வேன் எடுத்து, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட், ஃபிரான்ஸ் ஜோசஃப் என்று ஒன்பது நாளில் தென் தீவு முழுக்கக் காட்டுவதாக மகன் திட்டம் போட்டிருக்கிறான். மனைவிக்கு முழங்கால் வலி. எங்களுக்கு மெதுவாகப் போய், ஆங்காங்கே கொஞ்சம் நடக்கத்தான் ஆசை. அவன் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? வண்டியிலேயே தூங்குவது எங்களுக்குச் சரிப்படுமா?
- வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் மகன் சொல்லும் வழி கிட்டத்தட்ட 1,900 கிலோமீட்டர். மலைப்பாதையில் அத்தனை பெரிய வேனை ஓட்டினால் ஊர்கள் ஜன்னல் வழியாகக் கடந்துபோகும். அவனும் ஸ்டியரிங்கைவிட்டு நகர முடியாது. வெறுமனே மறுத்தால் அவனுக்கு வருத்தமாக இருக்கும். அதனால் வேறொரு வழியைக் கையில் கொடுத்துப் பேசுங்கள். டெகாப்போ ஏரிக்கரையில் இரண்டு இரவு, மவுண்ட் குக் மலையடிவாரச் சிற்றூரில் மூன்று, கடலோர ஊரான ஓமருவில் இரண்டு, பிறகு வீடு. எல்லாம் சேர்த்து 900 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

டெகாப்போ மூன்று மணி நேரப் பயணம். பனியாறு அரைத்த பாறை மாவு தண்ணீரில் மிதப்பதால் ஏரி பால் கலந்த நீலமாக இருக்கும். நீங்கள் போகும் நேரத்தில் கரையெங்கும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூத்திருக்கும். (பார்க்க அழகுதான். ஆனால் அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத செடி. ஆற்றுப்படுகையில் கூடு கட்டும் பறவைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.) 2012 முதல் டெகாப்போ பகுதி இருள்வானக் காப்பகம், அதாவது நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிய விளக்கொளியைக் கட்டுப்படுத்தும் இடம். நவம்பரில் நன்றாக இருட்டவே இரவு பதினொரு மணி ஆகும், அதனால் பகலில் ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். நம் ஊரில் பார்த்த ஓரியன் விண்மீன் கூட்டம் அங்கே தலைகீழாக எழும்.

மவுண்ட் குக்கில் மூன்று இரவு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தச் சிற்றூரில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஒரே நாள் ஒதுக்கி வருகிறவர்களில் பலர் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மூன்று நாள் இருந்தால் ஒரு காலையாவது 3,724 மீட்டர் உயர அந்தச் சிகரம் முழுதாகத் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் வண்டியை நிறுத்துங்கள். மின் இணைப்பு கிடையாது, கழிப்பறை உண்டு. அங்கிருந்தே கியா பாயின்ட் பாதை தொடங்குகிறது. போய்வர ஒரு மணி நேரம். பெரும்பாலும் மெல்லிய ஏற்றம்தான், உங்கள் மனைவி நடந்துவிடுவார். கைத்தடி மட்டும் இருக்கட்டும். மேலே செஃப்டன் மலையில் தொங்கும் பனி உடைந்து விழும்போது இடி போலக் கேட்கும். படுக்கையில் இருந்தபடியே அதைக் கேட்ட இரவை நான் மறக்கவில்லை. டாஸ்மன் பனியாற்றைக் காட்டும் மேட்டுக்கு முந்நூறுக்கு மேல் படிகள். நீங்களும் மகனும் போய்வாருங்கள், முழங்கால் வலியோடு அவர் ஏற வேண்டாம்.

காய்கறி, பால் எல்லாம் வழியில் ட்விசெல் என்ற ஊரிலேயே வாங்கிவிடுங்கள். மலையடிவாரத்தில் பெரிய கடை இல்லை.

அப்புறம் வைட்டாக்கி பள்ளத்தாக்கு வழியாக இறங்கினால் ஓமரு. பொழுது சாய்ந்ததும் நீலப் பென்குயின்கள் கடலிலிருந்து கரையேறும். தெற்கே 40 கிலோமீட்டரில் மொயராக்கி கடற்கரை. ஆள் உயரத்துக்குக்கூட உருண்டைக் கற்கள் கிடக்கும். அலை உள்வாங்கிய நேரத்தில் ஈரமணலில் நடப்பது முழங்காலுக்கும் சுகம்.

தூக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு பேர் படுக்கும் வேனாக எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள கட்டிலுக்கு ஏணி ஏற வேண்டும், அது மகனுக்கு. பின்பக்கக் கட்டில் உங்கள் இருவருக்கும். அந்த அளவு வேன்களில் பெரும்பாலும் கழிப்பறை உள்ளேயே இருக்கும், இரவில் குளிரில் இறங்க வேண்டியதில்லை. ஹீட்டர் வேலை செய்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நவம்பரிலும் அங்கே இரவில் ஊட்டிக் குளிர்தான்.

ஊறுகாய், பொடி கொண்டுபோனால் விமான நிலையத்தில் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். நடைக்கான ஷூவில் மண் ஒட்டியிருக்கக் கூடாது, இங்கேயே கழுவிக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள்.