"உங்களுடன் வேலை செய்பவர்கள் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வியில் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் நாலு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரகடம் பக்கம் வேறொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். டெக்னிக்கல் ரவுண்டு சுலபமாக முடிந்தது. அடுத்து ஹெச்.ஆர். மேடம் இதே கேள்வியைக் கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்: "ஹார்டு ஒர்க்கர், டீம் பிளேயர், எல்லார்கிட்டயும் நல்லாப் பழகுவேன்னு சொல்வாங்க மேடம்."

"அப்படியா? கடைசியா அப்படிச் சொன்னது யாரு? எப்போ?"

யாரும் சொன்னதில்லை. ஏசி அறையில் எனக்கு வேர்த்தது. "பொதுவா சொல்வாங்க மேடம்" என்று இழுத்தேன். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அனுப்பவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்போமே, அதையே 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நாலு கட்டம் போட்டுக் காட்டினார்கள். இருவர் பெயரையும் ஒட்டி அதற்கு 'ஜோஹாரி ஜன்னல்' என்று பெயர். நமக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த கட்டம் ஒன்று அதில் உண்டு. அந்தக் கட்டத்தை நீங்கள் எட்டியாவது பார்த்திருக்கிறீர்களா என்றுதான் இன்டர்வியூவில் நோண்டுகிறார்கள்.

நான் பார்த்ததில்லை. அதனால் மறுநாள் கேண்டீனில் புரொடக்ஷன் சூப்பர்வைசர் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "உன்னைப் பார்த்தாலே பசங்க 'ரெட் டேக் வரான்டா'ம்பானுங்க தம்பி. தப்பு இருந்தா நிறுத்து, வேணாங்கல. ஆனா நீ டேக்கைக் கட்டிட்டுப் போயிடற. என்ன தப்புன்னு உன்னைத் தேடிப் பிடிச்சுக் கேட்க வேண்டியிருக்கு."

ரெட் டேக் என்பது, அளவு தப்பிய லாட்டை நகர விடாமல் கட்டிவைக்கும் சிவப்பு அட்டை. எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து டேக் கட்டும் முன் அவரைக் கூப்பிட்டு, கேஜை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னேன். சண்டை பாதியாகக் குறைந்தது. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து இன்னொரு இன்டர்வியூ, அதே கேள்வி. இந்தக் கதையை அப்படியே சொன்னேன். பிளாண்ட் ஹெட் சிரித்துவிட்டு, "உங்க சூப்பர்வைசருக்குப் போன் போட்டா இதையே சொல்வாரா?" என்றார். "சொல்வார் சார், நடுவுல ரெண்டு கெட்ட வார்த்தை சேரும்" என்றேன். வேலை கிடைத்தது. இந்த ஒரு பதிலால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் பேச்சு இறுக்கமில்லாமல் போனது உண்மை.

நம் ஊரில் தன்னைத் தானே புகழ்ந்தால் தற்பெருமை என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கூச்சம் உள்ளவர்களுக்கு இது உண்மையில் வசதியான கேள்வி. இன்னொருவர் சொன்னதைத்தானே எடுத்துச் சொல்கிறோம்!

இதே கேள்வி வேறு வேஷத்திலும் வரும். 'மூன்று வார்த்தையில் சொல்லுங்கள்' என்றால், ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு சம்பவம் கையில் இருக்கட்டும். 'பழைய மேனேஜர் என்ன குறை சொல்வார்?' என்றால் உஷார். பல கம்பெனிகளில் ரெஃபரன்ஸ் செக் என்று உண்மையிலேயே போன் போடுவார்கள். நீங்கள் சொன்னதும் அவர் சொல்வதும் எட்டத்தில் நிற்கக் கூடாது. சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும், எதில் கருத்து ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள், அவரைத் திட்டாதீர்கள். 'உங்களைப் பிடிக்காதவர் யார்?' என்றால் 'யாருமே இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் அதை யார் நம்புவார்?

அதற்காக எல்லாக் குறையையும் கொட்டவும் வேண்டாம். குவாலிட்டி வேலைக்குப் போய் 'ரிக்கார்டு எழுத மறந்துடுவேன்னு சொல்வாங்க' என்றால் கதை அங்கேயே முடிந்தது. 'நான் பர்ஃபெக்ஷனிஸ்ட், அதுதான் என் குறை' என்பதும் வேண்டாம். கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும்.

இப்போதுதான் படிப்பு முடித்தவர் என்றால் புராஜெக்டில் உங்களோடு இருந்தவர்களிடம் கேளுங்கள். 'நான் எப்படி?' என்று கேட்டால் 'சூப்பர்டா' என்று தட்டிக்கழித்துவிடுவார்கள். 'இன்னொரு புராஜெக்ட் வந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வாயா?' என்று கேட்டுப் பாருங்கள். உடனே 'ஓ!' என்கிறவனை விட்டுவிட்டு, ஒரு நொடி தயங்குகிறவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச விடுங்கள்.