சுரங்கப்பாதைக்கு எத்தனை வயலின்? – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் வியாசர்பாடிப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து 14 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறோம். சூப்பர்ஹீரோ கதை. மீன்பாடி வண்டி ஓட்டுகிறவரின் மகள்தான் எங்கள் ஹீரோ. மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறி, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரு ஷேர் ஆட்டோ மாட்டிக்கொள்கிறது. மேலே ரயில் போய்க்கொண்டிருக்க, அவள் தண்ணீரில் இறங்கி ஆட்டோவை அப்படியே தூக்கி வெளியே கொண்டுவருகிறாள். எங்களில் ஒருவன் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். ஆர்கெஸ்ட்ரா சாஃப்ட்வேரை வைத்து அவன் 11 நிமிடத்துக்கு இசை போட்டிருக்கிறான். ஹாலிவுட் படம் போலவே பெரிதாக இருக்கிறது. ஆனால் பார்த்த எல்லோரும் "ட்ரெய்லர் மாதிரி கீதுப்பா, மனசுல ஒட்டல" என்கிறார்கள். அந்தப் படங்களில் அதே வயலினும் ட்ரம்பெட்டும் எப்படி உலுக்கிவிடுகின்றன? நாங்கள் இன்னும் வயலின் சேர்க்க வேண்டுமா? கானா டோலக் சேர்த்தால் எடுபடுமா? இதில் எங்களுக்குள் சண்டையே நடக்கிறது. படத்தின் லிங்க் அனுப்பியிருக்கிறேன்.

எம்.,
வியாசர்பாடி

அன்புள்ள எம்.,

படத்தை இசையோடும் பார்த்தேன், இசையை நிறுத்திவிட்டும் பார்த்தேன். நிறுத்திவிட்டுப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் முகமும், ஆட்டோவுக்குள் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொள்வதும் நெஞ்சைப் பிடித்தன. படம் நன்றாக வந்திருக்கிறது. வயலின் சேர்க்க வேண்டாம். இருப்பதில் பாதிக்குமேல் எடுத்துவிடுங்கள்.

அவளுக்கு எவ்வளவு பலம் என்பதைக் காட்சியே காட்டிவிடுகிறது. ஆட்டோ தண்ணீரை விட்டு எழுந்ததுமே அது முடிந்துவிட்டது. அந்தப் பலத்தைப் பார்க்கிறவன் அதை நம்ப வேண்டுமா, அதற்குப் பயப்பட வேண்டுமா, அதைச் சுமப்பவளுக்காக வருத்தப்பட வேண்டுமா என்பதைக் காட்சி சொல்லாது. சூப்பர்ஹீரோ படத்தில் ஆர்கெஸ்ட்ராவின் வேலை இதுதான். உங்கள் இசை "பலசாலி, பலசாலி" என்று 11 நிமிடமும் சொல்கிறது. அது ஏற்கெனவே தெரிந்த சேதி.

பெரிய படங்களை இந்தக் காதோடு கேளுங்கள். 1978இல் வந்த 'சூப்பர்மேன்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து எழுதிய மார்ச்சின் (அணிநடை இசையின்) முதுகெலும்பு சட்ஜமும் (ச) பஞ்சமமும்தான் (ப). தம்பூராவில் விடாமல் ஒலிக்கும் அதே இரண்டு ஸ்வரங்கள். அவற்றில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. இந்த ஆள் கைவிட மாட்டான் என்று காது முடிவுகட்டிவிடுகிறது. 1989இன் 'பேட்மேன்' படத்துக்கு டேனி எல்ஃப்மேன் போட்ட ஐந்து ஸ்வரங்களை உங்கள் நண்பரை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ச, ரி, க, த, ப. நடபைரவி ராக ஸ்வரங்கள். முதல் மூன்றும் படிப்படியாக ஏறுகின்றன, அங்கிருந்து தைவதத்துக்கு ஒரு தாவல், உடனே அரை ஸ்வரம் சறுக்கிப் பஞ்சமத்தில் விழுகிறது. அந்தச் சறுக்கலில்தான் அந்த மனிதனின் இருட்டு இருக்கிறது. அதே ஆளுக்கு 2005இல் ஹான்ஸ் ஸிம்மரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டும் வைத்தது இரண்டே ஸ்வரம், சட்ஜமும் சாதாரண காந்தாரமும். மேலே போகப் பார்த்து அப்படியே நின்றுவிடும், அதற்குக் கீழே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மட்டும் மாறும். தன்னைப் பற்றி எதையும் முடிவு செய்யாத ஒருவனுக்கு அதுதான் பொருத்தம். மூன்று படத்திலும் முழு ஆர்கெஸ்ட்ராதான், பித்தளை வாத்தியங்கள்தான். மனநிலை மட்டும் வேறு.

உங்கள் நண்பர் திறமைசாலி என்பதற்கு 2 நிமிடம் 10ஆவது விநாடியில் ஆதாரம் இருக்கிறது. அவள் அப்பாவின் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும்போது ச ரி ம ப என்று ஒரு மெட்டு வருகிறது. அருமையான மெட்டு. அடுத்த நொடியே வயலின் கூட்டம் அதை மூடிவிடுகிறது, பிறகு படம் முடியும்வரை அது திரும்பி வரவில்லை. உங்களிடம் இருக்கும் சொத்தே அதுதான். அதில் காந்தாரம் (க) இல்லை. காந்தாரம் இல்லாத மெட்டு மேஜரா (தெளிந்த மனநிலை) மைனரா (கனத்த மனநிலை) என்று தானாகச் சொல்லாது, கீழே வைக்கிற கார்டுதான் சொல்லும். வண்டி தள்ளும் இடத்தில் அதன்கீழ் மைனர் கார்டு வையுங்கள், மெட்டு பஞ்சமத்திலேயே தொங்கட்டும். நடுவில் அவள் மாடியில் தனியாக நிற்கும் காட்சியில் இன்னொரு முறை வரலாம், அங்கேயும் முடிய வேண்டாம். ஆட்டோ எழும் இடத்தில் மேஜர் கார்டு வைத்து மேல் சட்ஜத்துக்குப் போய் முடியுங்கள். முன்னால் இரண்டு முறை கேட்டு ஏங்கிய காதுக்குத்தான் மூன்றாவது முறை பலிக்கும். 2019இன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் எல்லோரும் திரும்பி வரும் இடத்தில் ஆலன் சில்வெஸ்ட்ரி செய்ததைப் பாருங்கள். இசை மிகச் சன்னமாகத் தொடங்கி மெதுவாக ஏறுகிறது. 2012இலிருந்து பழகிய அந்த மெட்டு, படை முழுக்க வந்து நின்ற பிறகுதான் முழுசாக வருகிறது. தியேட்டரில் விசில் பறந்ததற்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

இனி சுரங்கப்பாதைக் காட்சி. உங்கள் இசை அங்கேதான் உண்மையில் மூழ்குகிறது. அந்தக் காட்சியில் ஏற்கெனவே மூன்று சத்தங்கள் இருக்கின்றன. மழைச் சத்தம் 'உஸ்' என்று எல்லா அலைவரிசையிலும் பரவும். குறிப்பாக 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அடர்த்தியாக இருக்கும். வயலினின் உச்ச ஸ்தாயியில் ட்ரெமலோ (வில்லை வேகமாக நடுக்குவது) வாசித்தாலும் சிம்பலை உருட்டினாலும் இரண்டும் மழையோடு மழையாகக் கரைந்துபோகும். உங்கள் நண்பர் அதைக் கேட்டுவிட்டு வால்யூமை ஏற்றியிருக்கிறார், மழை கூடின மாதிரிதான் இருக்கிறது. மேலே போகும் ரயில் கீழ்ப்பக்கத்தை அடைத்துக்கொள்கிறது. பாலம் அதிரும் அந்த உறுமல் பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே. வயலின் குடும்பத்தில் மிகப் பெரியதான டபுள்பாஸின் அடி நரம்பு 41 ஹெர்ட்ஸ். பெரிய ட்ரம்மும் அந்த வட்டாரம்தான். ரயில் போகும்வரை அவை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். மிச்சம் இருப்பது நடுப்பகுதி. அங்கே பிள்ளைகளின் கூச்சலும் பேச்சும் இருக்கின்றன. பேச்சு புரிவதற்குத் தேவையானது சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ்.

ஆகவே அந்தக் காட்சிக்கு என் யோசனை இது. அவள் தண்ணீரில் கால் வைக்கும்போது இசையே வேண்டாம். மழை, பிள்ளைகள், ரயில், இவ்வளவுதான். அவள் கை ஆட்டோவுக்கு அடியில் போனதும் ஒரே ஒரு செலோ (வயலினை விடப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம்), ஒரே ஸ்வரம். பிள்ளைகள் திகைத்துப்போய் வாயை மூடுகிறார்கள் இல்லையா, அந்த மூன்று விநாடியை நீங்களே அழகாக எடுத்திருக்கிறீர்கள். அப்போது நடுப்பகுதி காலியாகிறது. மெட்டு நுழைய வேண்டிய வாசல் அதுதான். பிரெஞ்சு ஹார்னும் செலோவும் சேர்ந்து அந்த மெட்டையே வாசித்தால் மழையையும் ரயிலையும் தாண்டிக் கேட்கும். ரயில் போய் முடிந்ததும் டபுள்பாஸ் வரட்டும். ரயிலின் உறுமல் இருந்த இடத்தில் அது உட்காரும்போது தரை திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கும். மொத்தப் படத்துக்கும் நான்கைந்து நிமிட இசை போதும்.

ஒற்றை செலோ போதுமா என்று சந்தேகம் வரும். 2019இன் 'ஜோக்கர்' படத்தில் ஹில்டுர் குட்னடோட்டிர் அதைத்தான் செய்தார். முன்னால் ஒரு செலோ, அதன் நிழலில் பெரிய ஆர்கெஸ்ட்ரா. ஆர்கெஸ்ட்ரா இருப்பதே முதலில் தெரியாது, போகப் போக அது செலோவை விழுங்கிவிடும். படப்பிடிப்புக்கு முன்பே எழுதத் தொடங்கிய இசை அது. கழிவறை நடனக் காட்சியில் நடிகர் அந்த இசையைக் கேட்டபடிதான் ஆடினார். 2008இன் 'த டார்க் நைட்' படத்தில் ஜோக்கருக்கு மெட்டே கிடையாது, மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும் ஒரு செலோ ஸ்வரம்தான்.

சாஃப்ட்வேர் விஷயம் ஒன்று. 'என்செம்பிள்' என்று இருக்கும் வயலின் ஒலியில் பெரும்பாலும் 16 பேர் சேர்ந்து வாசித்ததைப் பதிவு செய்திருப்பார்கள். உங்கள் நண்பர் மூன்று விரலால் கார்டு பிடிக்கும்போது 48 வயலின் ஆகிவிடுகிறது. உண்மையான ஆர்கெஸ்ட்ராவில் அந்த 16 பேர்தான் மூன்றாகப் பிரிந்து வாசிப்பார்கள், ஒலி மெலிந்து நெருக்கமாகும். மனதில் ஒட்டாத அந்தப் பஞ்சு மெத்தைச் சத்தம் இங்கிருந்துதான் வருகிறது. சர்ச் கீபோர்டுப் பழக்கத்தில் இடது கையால் மூன்று ஸ்வரக் கார்டை அடி ஸ்தாயியில் பிடிக்கிறார். அங்கே அது குழம்பாகிவிடும். கீழே ச ப ச மட்டும் வைத்து, காந்தாரத்தை நடு ஸ்தாயிக்கு மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். கீபோர்டின் மாடுலேஷன் வீலை (ஒலியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்) ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்திலும் ஏற்றி இறக்க வேண்டும். உங்கள் ஃபைலில் அது எங்கும் அசையவே இல்லை. லெகாட்டோ (ஸ்வரங்களை இழைத்து வாசிக்கும்) ஒலிகள் விசையை அழுத்தியபின் சற்றுத் தாமதித்தே எழும். அந்த ட்ராக்கை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் தாளத்தில் உட்காரும்.

ஆட்டோ எழும் நொடியில் அடி விழவில்லை என்று நீங்களே உணர்ந்திருப்பீர்கள். இசை தொடங்கிச் சரியாக 42ஆவது விநாடியில் ஆட்டோ எழுகிறது. வேகம் 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 எண்ணிக்கை), அதாவது ஒரு எண்ணிக்கைக்கு 0.6 விநாடி. 42 விநாடிக்கு 70 எண்ணிக்கை, நான்கு நான்காகப் பிரித்தால் பதினேழரை பார் (தாளச் சுற்று). ஆட்டோ பாதிப் பாரில் எழுகிறது, உங்கள் பெரிய அடி அரைப் பார் கழித்து, 1.2 விநாடி தாமதமாக வருகிறது. எழும் இடத்துக்கு முன்னால் ஒரே ஒரு பாரை இரண்டு எண்ணிக்கையாக வைத்தால் சரியாகிவிடும். இல்லாவிட்டால் வேகத்தை 97.14 ஆகக் குறையுங்கள், 68 எண்ணிக்கையில் 17 பார் முழுதாக முடியும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கிறது. அரைப் பார் குறையும்போது காது இடறும், அந்த இடறலில் ஆட்டோ எழுந்தால் உடம்பு சிலிர்க்கும். இன்னொன்று: விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்திருக்கிறீர்கள். விழாவுக்காக ஃபிரேம் எதையும் விடாமல் 24 ஆக ஓட்டினால் ஒரு நிமிடம் 62.5 விநாடியாக நீளும், இந்தக் கணக்கெல்லாம் வீண். மாற்றுவதாக இருந்தால் முதலில் மாற்றிவிட்டு அப்புறம் இசையில் கை வையுங்கள்.

டோலக் சண்டைக்கு வருகிறேன். சேர்க்கலாம், ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே தூவுகிற மாதிரி சேர்க்கக் கூடாது. 2018இன் 'பிளாக் பாந்தர்' படத்துக்காக லுட்விக் யோரன்சன் செனகலுக்குப் போய்ப் பாபா மால் என்ற பாடகரோடு தங்கி, அங்கிருந்து தாமா என்ற பேசும் மேளத்தைக் கொண்டுவந்தார். அந்த மேளம் அரசனின் பெயரையே அசை அசையாக அடிக்கிறது, பித்தளை வாத்தியங்கள் அதன்மேல் எழுகின்றன. வில்லனுக்கு ஃபுலா புல்லாங்குழல், அதன்கீழே ஹிப்ஹாப் அடி. ஆஸ்கர் வாங்கிய இசை அது. உங்கள் படத்திலும் டோலக்கின் நடையை முதலில் முடிவு செய்துவிட்டு, செலோக்கள் அந்த நடையில் வில் போடட்டும். ஏழு எண்ணிக்கையில் முயன்று பாருங்கள். 2016இல் வொண்டர் வுமன் முதலில் திரையில் வந்தபோது ஒலித்த எலெக்ட்ரிக் செலோ மெட்டு ஏழில்தான் ஓடும். நமக்கு அது மிஸ்ர சாபு, தகிட தகதிமி. ஆனால் மரண கானாவின் அடியைக் கிளைமாக்ஸில் வைக்காதீர்கள். நம் வட்டாரத்தில் அந்த அடி கேட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம், பிள்ளைகள் பிழைக்கும் இடத்தில் அது தப்பான சேதி.

கடைசியாக, கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஒரே ஒரு உண்மையான வாத்தியக்காரரைக் கூப்பிடுங்கள். ஒரு மனித மூச்சு மேலே இருந்தால் அடியில் இருக்கும் சாஃப்ட்வேர் வயலின்களையும் காது நம்பிவிடும். செலோ என்றால் கே.எம். இசைக் கல்லூரி, சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா போன்ற இடங்களில் படிக்கும் மாணவர்களை விசாரிக்கலாம். அதைவிடப் பக்கத்தில் நம் பேண்டு செட்டுகள் இருக்கின்றன. அங்கே ட்ரம்பெட்டை விட யூஃபோனியம் (ட்ரம்பெட்டை விடப் பெரிய, தாழ்ந்த குரல் பித்தளை வாத்தியம்) வாசிப்பவரைத் தேடுங்கள். பிரெஞ்சு ஹார்னின் கதகதப்புக்கு மிகப் பக்கத்தில் வருவது அதுதான். வண்டி தள்ளும் காட்சியில் அவர் தனியாக வாசித்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

பதிவை வீட்டு அறையில் செய்யாதீர்கள். சர்ச்சிலோ ஆளில்லாத கல்யாண மண்டபத்திலோ வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், மைக்கை ஆறேழு அடி தள்ளி வையுங்கள். பதிவு அளவின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பித்தளைக் குழலுக்குள் காற்று சூடாகச் சூடாகச் சுருதி ஏறும். சாஃப்ட்வேர் 440 ஹெர்ட்ஸ் சுருதியிலேயே நிற்கும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு, ட்யூனிங் ஸ்லைடை இழுத்துச் சுருதி சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள், ஒவ்வொரு இடைவேளைக்குப் பின்னும் சரிபாருங்கள். ட்ரம்பெட்தான் என்று முடிவானால், அது பி ஃப்ளாட் வாத்தியம், நோட்டை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். உயர்ந்த ஸ்வரங்களை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். உதடு களைத்துவிட்டால் எத்தனை டேக் எடுத்தாலும் அவை வராது.

திருத்திய சுரங்கப்பாதைக் காட்சியை மட்டும் முதலில் அனுப்புங்கள். மழை, ரயில், பேச்சு, இசை நான்கையும் தனித்தனி ட்ராக்காக அனுப்பினால் எது எதை மறைக்கிறது என்று சரியாகச் சொல்ல முடியும்.

அன்புடன்